உலையின் இடப்பக்கச் சூடு

புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் ஏதாவது பேசச் சொல்லித் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். கருவிகளை எப்படி இயக்குவது என்று காட்டித்தர இங்கே ஆள் இருக்கிறது; கையேடும் இருக்கிறது. அதில் இல்லாததைத்தான் நான் சொல்லப்போகிறேன். இந்த அறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சரியாகப் போன வேலைகள் அச்சில் கிடக்கின்றன, வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள். தப்பாகப் போன இரண்டைச் சொல்கிறேன். ஒன்று என் வழிகாட்டியுடையது, சின்னது. மற்றது என்னுடையது.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் செம்பு கலந்த ஆக்சைடுகளின் பின்னால் உலகமே ஓடிக்கொண்டிருந்தது. உலையில் சுட்ட கறுப்பு வில்லை ஒன்றைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் அதன் மின்தடை முற்றிலும் மறைந்துபோகிறது என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? என் வழிகாட்டியும் புதிய கலவை ஒன்றைச் சுட்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் மதியம், மற்றவர்கள் கண்டதைவிட மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே மீட்டர் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மனிதர் குதித்தார். நிஜமாகவே குதித்தார். லட்டு வாங்கிவரச் சொல்லி வேதியியல் துறை, நூலகம், முதல்வர் அலுவலகம் என்று எல்லோருக்கும் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்த வில்லையை வெளியே எடுத்துப் பார்த்தேன். மின்னழுத்தம் அளக்கும் கம்பி, வெள்ளிப் பசையோடு பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெயர்ந்த கம்பியும் பூஜ்யம்தான் காட்டும். அந்தக் கம்பியை ஒட்டியது நான்.

போய்ச் சொன்னேன்.  அவர் லட்டு சாப்பிட்ட அத்தனை பேரையும் மறுபடி அதே அறைக்குக் கூப்பிட்டார். "நேத்து உங்களுக்கெல்லாம் லட்டு குடுத்தேன். அது தப்பு. கம்பி கழண்டிருந்தது, நான் பாக்கல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கம்பியை ஒட்டியது யார் என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெற்றியை எத்தனை பேரிடம் சொன்னோமோ, பிழையையும் அத்தனை பேரிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எளிது. அதைச் செய்ய வேண்டிய முறை எனக்கு வந்தது பல வருடம் கழித்து.

அப்போது நாங்கள் காந்த ஆக்சைடுகளுக்கு மாறியிருந்தோம். மாங்கனீசு சேர்ந்த இந்தக் கறுப்பு ஆக்சைடுகளைக் குளிர்வித்துக்கொண்டே வந்தால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அவை காந்தமாகின்றன. அதே இடத்தில் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தத் தொடங்குகின்றன. ஏன் அந்த வெப்பநிலை? அதற்கு மேலே எலக்ட்ரானைத் தடுப்பது எது?

சித்திரை வெயிலில் எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். இளகிய தாரில் சக்கரத்துக்கு அடியில் பள்ளம் விழும். லாரி போன பிறகும் பள்ளம் அங்கேயே கிடக்கும். இந்த ஆக்சைடுக்குள் எலக்ட்ரானும் சுற்றியிருக்கும் அணுக்களை இழுத்தும் தள்ளியும் ஒரு பள்ளம் உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் அது தன் பள்ளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. எலக்ட்ரானும் அதன் பள்ளமும் சேர்ந்த அந்த ஜோடிக்குத்தான் போலரான் என்று பெயர். பள்ளம் ஆழமாக இருந்தால் எலக்ட்ரான் திணறும். அது ஓடினால்தான் காந்தத்தன்மை வரும். திணறினால் காந்தமாக இன்னும் அதிகம் குளிர வேண்டும்.

இது வெறும் கதை இல்லை என்று காட்ட அழகான ஒரு வழி இருக்கிறது. ஆக்சிஜன் அணுவில் சற்றுக் கனமான ஒரு வகை உண்டு. வேதியியலுக்கு இரண்டும் ஒன்றுதான். எடை மட்டும் வேறு. வில்லையில் இருக்கும் சாதாரண ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கனமானதை வையுங்கள். காந்தமாகும் வெப்பநிலை இறங்கினால், அணுக்களின் அசைவுக்கும் எலக்ட்ரானின் ஓட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். எடையைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்.

ஆய்வகத்தில் அப்போது நாங்கள் மூன்று பேர். நான், என் மாணவி சங்கமித்ரா, உலையையும் குளிர் கலங்களையும் பார்த்துக்கொண்ட ஏகாம்பரம். மித்ரா வியாசர்பாடிப் பெண். வீட்டில் முதன்முதலாக முனைவர் பட்டத்துக்குப் படித்தவள். எதையும் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஏகாம்பரம் புளியந்தோப்புக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு வார்ப்பு ஆலையில் பதினோரு வருடம் உலைமுன் நின்றவர்; ஆலை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். குவார்ட்ஸ் குழாயை நெருப்பில் உருக்கி மூடுவதில் அவர் கைக்கு ஈடு நான் பார்த்ததில்லை.

வேலை இப்படித்தான். ஒரே கலவையில் செய்த இரண்டு வில்லைகள். ஒன்றைக் கனமான ஆக்சிஜனோடு ஒரு குவார்ட்ஸ் குழாயிலும், மற்றதைச் சாதாரண ஆக்சிஜனோடு இன்னொரு குழாயிலும் அடைத்து, இரண்டையும் பெட்டி உலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று நாள் சூடாக்குவோம். கனமான வாயு வெளிநாட்டிலிருந்து சின்னக் கண்ணாடிக் குடுவைகளில் வரும். கேட்டு எழுதினால் கைக்கு வர ஒரு வருடம்கூட ஆகும். எங்களிடம் இருந்தது இரண்டு குடுவை.

முதல் குடுவையைப் பயன்படுத்தினோம். கனமான வில்லை, சாதாரண வில்லையைவிட வெகுவாகக் குளிர்ந்த பிறகே காந்தமானது. நாங்கள் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய இரு மடங்கு இடைவெளி. எங்கள் கலவையில் எலக்ட்ரானும் அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்று கட்டுரை எழுதினோம். ஏற்றுக்கொண்டார்கள். பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்தில் பேசவும் அழைப்பு வந்தது. இடைவெளியின் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று, ஆய்வேட்டை முடித்ததும் தங்களிடம் வந்துவிடும்படி மித்ராவுக்கு எழுதியது. நான் லட்டு வாங்கவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான்.

அது கட்டுரையின் அச்சு மெய்ப்பு வந்த திங்கட்கிழமை. இரண்டு நாளுக்குள் பிழை திருத்தி அனுப்ப வேண்டும். நான் மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். உலையில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து உலைக்கதவின் துளை வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர், நெடுநேரம் நகரவே இல்லை.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"என்ன ஏகாம்பரம்?"

"அந்தாண்ட டியூபு ஆரஞ்சா கீது. இந்தாண்ட டியூபு செவப்பா கீது."

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது மேடம். நான் பதினோரு வருசம் ஃபவுண்ட்ரில இத்தயே பாத்துகினு நின்னவன். லெஃப்ட் சைடு ஓவரா காயுது. முப்பது நாப்பது டிகிரி இருக்கும்."

உலையின் நடுவில் ஒரு வெப்பமானி இருந்தது. அது நடுவில் என்ன சூடோ அதை மட்டும்தான் சொல்லும். இடப்பக்கச் சுவரின் கம்பிச்சுருள் சில மாதம் முன்பு எரிந்துபோய், ஏகாம்பரம்தான் புதிதாகச் சுற்றிப் பொருத்தியிருந்தார். கனமான ஆக்சிஜன் குழாயை நாங்கள் வைத்திருந்தது இடப்பக்கம்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "சொன்னேனே மேடம். கம்பி காயிலு சுத்துன அன்னிக்கே சொன்னேன். ஒரு தபா ரெண்டு பக்கமும் சூடு பாத்துக்கலாம்னேன். நீங்கதான் அப்பால பாத்துக்கலாம்னீங்க."

ஆமாம், சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்கு வாயுக் குடுவையைத் திறக்கும் அவசரம். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

மித்ராவைக் கூப்பிட்டேன். இரண்டாவது வெப்பமானி ஒன்றை உள்ளே விட்டு முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் அளந்தோம். முப்பத்தைந்து டிகிரி வித்தியாசம். ஏகாம்பரத்தின் கண் சொன்னது சரி. அதிகம் சூடான வில்லையில் ஆக்சிஜனின் அளவே மாறியிருக்கும். அது மாறினாலே காந்தமாகும் வெப்பநிலை இடம்பெயரும். எங்கள் கண்டுபிடிப்பில் எவ்வளவு போலரான், எவ்வளவு எரிந்துபோன கம்பிச்சுருள் என்று எங்களுக்கே தெரியவில்லை.

 "மிஸ், சூட்டு வித்தியாசத்தால இவ்ளோ பெரிய இடைவெளி வராது. பாதிகூட வராது" என்றாள் மித்ரா.

"வராதுன்னு உனக்குத் தெரியுமா, வரக்கூடாதுன்னு நெனைக்கிறியா?"

 அவளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கணத்தில் என் மனமும் அதே வக்கீல் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மெய்ப்பை அனுப்பிவிடலாம், பிறகு சரிபார்த்துத் திருத்தம் வெளியிடலாம், ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று வாதங்கள் வரிசையாக வந்தன. இவ்வளவு வாதம் தேவைப்படுகிறது என்பதே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. அன்று மாலைக்குள் பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பெங்களூருக்கும் எழுதினேன்: பேச வருகிறேன், ஆனால் அந்த எண்ணோடு வரமாட்டேன். பிறகு தொலைபேசியை எடுத்து, நான் சொல்லியிருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஏழு அழைப்பு. மூன்றாவது அழைப்புக்கு மேல் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மித்ரா தன்னை அழைத்த குழுவுக்குத் தானே எழுதினாள். நான் சொல்லி எழுதவில்லை.

மறுநாள் மூவரும் உட்கார்ந்தோம். இருப்பது ஒரே ஒரு குடுவை. என்ன செய்வது? என் மனதில் இருந்தது நேர்வழி: உலையைச் சரிசெய்து, புதிய வில்லைகளை எடுத்து, முதலிலிருந்து செய்வது. ஏகாம்பரம் திருப்புளியோடு தயாராக நின்றார். "ஒரு நாளு குடுங்க மேடம். சோக்கா பண்ணிட்றேன்."

"வேணாம் அண்ணே, தொடாதீங்க" என்றாள் மித்ரா.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"உலைய சரி பண்ணிட்டா, பழைய அளவுல உலையோட பங்கு எவ்ளோன்னு நமக்கு எப்பவுமே தெரியாது. உலை கோணலாவே இருக்கட்டும். அதே ரெண்டு வில்லை, அதே எடம். காத்த மட்டும் மாத்துவோம். இடப்பக்க வில்லைக்கு சாதாரண ஆக்சிஜன், வலப்பக்க வில்லைக்குக் கனமானது. இடைவெளிக்குக் காரணம் உலைன்னா அது அப்படியே நிக்கும். காத்துன்னா தலைகீழா திரும்பும்."

அவள் முந்தைய இரவு இதை இரண்டு தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் ஒரு நிமிடம் யோசித்தேன். என் யோசனையில் நல்ல அளவு ஒன்று கிடைக்கும். அவள் யோசனையில் நல்ல அளவும் கிடைக்கும், பழைய பிழை எவ்வளவு என்பதும் கிடைக்கும்.

"மித்ரா சொல்றதுதான் சரி" என்றேன்.

"கோணையா கீறத கோணையாவே வுட சொல்றீங்களா?" ஏகாம்பரத்துக்கு மனமே வரவில்லை. "இன்னா வேலை மேடம் இது? பேஜாரா கீது." ஆனாலும் திருப்புளியை உள்ளே வைத்துவிட்டார். அளந்து வைத்திருந்த பழைய வில்லைகளை எடுத்து, காற்றை மாற்றிப் புதுக் குழாய்களில் அடைத்து, முன்பு இருந்த அதே இடங்களில் வைத்தார். சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுத்தான் வைத்தார்.

இரண்டாவது நாள் காலையில் மழை பிடித்தது. பதினொரு மணிக்கெல்லாம் கல்லூரி வாசலில் முழங்கால் தண்ணீர். தெருமுனை மின்பெட்டி வரை தண்ணீர் ஏறிவிட்டதால் வட்டாரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கல்லூரியின் ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும்தான் தாங்கும். வெப்பமானியில் உலையின் சூடு இறங்கத் தொடங்கியது.

இதில் ஆபத்து என்னவென்றால், இப்படிச் சூடான குவார்ட்ஸ் குழாய் தாறுமாறாகக் குளிர்ந்தால் கீறல் விடும். வில்லை இன்னும் சூடாக இருக்கும்போதே கீறல் விட்டால் வெளிக்காற்று உள்ளே போய்க் கனமான ஆக்சிஜனைத் துரத்திவிடும். அதோடு எல்லாம் முடிந்தது. மூன்றாவது குடுவை கிடையாது.

ஏகாம்பரம் அதற்குள் உலைக்கதவின் இடுக்கெல்லாம் சூட்டை வெளியே விடாத வெப்பக் கம்பளியை அடைத்து, மேலே செங்கல் அடுக்கிவிட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் மேடம். அத்துக்குள்ள வந்துர்றேன்" என்றார்.

"எங்க போறீங்க?"

"கல்மண்டபத்தாண்ட எம் மச்சான் கீறான். பந்தலு, சீரியல் லைட்டு வாடகைக்கு வுட்றவன். அவனாண்ட ஜெனரேட்டர் கீது."

பேன்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார். நானும் மித்ராவும் உலையின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் போகவே மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் கடந்து பத்து நிமிடம் ஆனபோது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஜெனரேட்டர். அதைக் கட்டிப்பிடித்தபடி தொப்பலாக நனைந்த ஏகாம்பரம். மச்சான் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை நீட்டினார்.

"மேடம், நாலரைக்கு நான் எடுத்துகினு போவணும். காலடிப்பேட்டையில ஒரு வளைகாப்பு. மழை வுட்டாலும் வுடாட்டியும் அவங்க நடத்துவாங்க. அட்வான்ஸு வாங்கிக்கினேன்."

உலைக்கு உயிர் வந்தபோது மணி பன்னிரண்டரை. எழுநூறு டிகிரிக்குக் கீழே அது இறங்கவில்லை. கையில் இருந்தது நான்கு மணி நேரம்.

இப்போது நான் முடிவெடுக்க வேண்டும். மித்ரா கெஞ்சினாள். "மிஸ், மறுபடி ஏத்தி அதே சூட்டுல வைப்போம். நாலரைக்குள்ள கரன்ட் வந்துடும். வந்துட்டா மூணு நாளையும் முழுசா முடிச்சுடலாம். இப்ப நிறுத்தினா பாதிதான் மாறியிருக்கும்."

"வரலைன்னா?"

"வந்துடும் மிஸ்."

"நம்ம கையில இருக்கறது நாலு மணி நேரம். அதுல முடிக்கக்கூடிய வேலை ஒண்ணுதான். மெதுவா குளிர வைக்கிறது. எவ்ளோ மாறியிருக்குன்னு தராசு சொல்லும். அது போதும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இறங்கு வேகத்தை அமைத்தேன். ஏகாம்பரம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே குடையோடு நின்று, சத்தம் மாறும்போதெல்லாம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாலு இருபதுக்குக் கதவைத் திறந்தோம். இரண்டு குழாயும் கீறலில்லாமல் இருந்தன. மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு வளைகாப்புக்குப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு மின்சாரம் வந்துவிட்டது.

மித்ரா என்னைப் பார்த்தாள்.  இதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: அவள் சொன்னபடி சூட்டிலேயே வைத்திருந்தால், இடையில் ஒன்றேகால் மணி நேரம்தான் உலை அணைந்திருக்கும். கம்பளியை வைத்துச் சமாளித்திருக்கலாம். ஆனாலும் நான் எடுத்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கு எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பன்னிரண்டரை மணிக்கு முடிவெடுக்க முடியும். ஐந்தே முக்காலுக்குத் தெரிந்ததை வைத்து என்னை நானே திட்டிக்கொள்ளத் தொடங்கினால், அடுத்த தடவை கை நடுங்கும்.

தராசு நல்ல செய்தி சொன்னது. வலப்பக்க வில்லை எடை கூடியிருந்தது, இடப்பக்க வில்லை எடை குறைந்திருந்தது. ஒரு நாளுக்குச் சற்று மேலான சூட்டிலேயே ஆக்சிஜனில் பெரும்பகுதி இடம் மாறிவிட்டது.

அடுத்த இரண்டு நாள் குளிர்வித்து அளந்தோம். இரண்டு வில்லைகளின் கோடுகளும் திரையில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே வந்தன. தலைகீழாகத் திரும்பும் என்று எதிர்பார்த்திருந்தோம். அது நடக்கவில்லை. இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இடைவெளியே இல்லை.

மித்ரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் போச்சு மிஸ். ஒண்ணுமே இல்ல." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தேன்.  நாலு வருட வேலை.

ஏகாம்பரம் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாமா ஆச்சு? ரெண்டும் சேந்துகிச்சா? மித்ராம்மா, நீதான சொன்ன, உலையால வந்த தப்புன்னா அப்படியே நிக்கும்னு. நிக்கலியே?"

அவள் அழுகையை நிறுத்தினாள். கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு என் மேசையிலிருந்து ஒரு தாளை உருவி எழுதத் தொடங்கினாள். முழுக் காரணமும் உலை என்றால் இடைவெளி மாறாமல் நின்றிருக்கும். முழுக் காரணமும் ஆக்சிஜன் எடை என்றால் அது தலைகீழாகத் திரும்பியிருக்கும். அது இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அப்படியானால் முதல் தடவை இரண்டும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன. இந்தத் தடவை ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துச் சமன் செய்திருக்கின்றன. பாதி உலை. பாதி போலரான்.

எடைக்கணக்கையும் சேர்த்து இரண்டாம் தடவை எழுதிப் பார்த்தாள். பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது.

"பாதி நெஜம் மிஸ்" என்றாள்.

"பாதி இல்ல. இதுதான் முழு நெஜம். முன்னாடி இருந்ததுதான் அதிகப்படி" என்றேன்.

பெங்களூரில் நான் பேசவில்லை. மித்ராவைப் பேசச் சொன்னேன். முதலில் பழைய கோடுகளைக் காட்டினாள், பிறகு உலையின் இடப்பக்கத்தைக் காட்டினாள், பிறகு புதிய கோடுகள். கனமான ஆக்சிஜன் காந்த வெப்பநிலையை இறக்குகிறது. எங்கள் கலவை மற்றவர்களுடையதைவிட விசேஷமானது இல்லை. ஆனால் எண் உறுதியானது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தங்கள் ஆய்வகத்திலும் கிடைத்திருக்கும் பெரிய இடைவெளி ஒன்றைப் பற்றிக் கேட்டார். "உங்க உலைல ரெண்டு பக்கமும் அளந்தீங்களா சார்?" என்றாள் மித்ரா. அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து நன்றி சொல்லிக் கடிதம் வந்தது.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மித்ராவை அழைத்த வெளிநாட்டுக் குழு, மரியாதையான கடிதம் ஒன்று எழுதிவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. பெரிய எண்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு வருடம் தாமதமாக, வேறு நாட்டில், வேறு இடம் கிடைத்தது. அந்த ஒரு வருடம் அவள் இங்கே குறைந்த சம்பளத்தில் பாடம் நடத்தினாள். அதற்குக் காரணம், நான் போகிற போக்கில் சொன்ன ஒரு 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்'. இதை நான் மறந்துவிடுவதில்லை. நீங்களும் உலையைப் பார்த்துக்கொள்பவர் பேச வரும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். கருவியில் ஏதாவது கோணல் தெரிந்தால் உடனே நிமிர்த்தப் போகாதீர்கள். எவ்வளவு கோணல் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அளந்த பிழையைக் கழித்துவிடலாம். அளக்காமல் திருத்திய பிழை பழைய கணக்கில் அப்படியே தங்கிவிடும்.

கட்டுரையை மறுபடி எழுதியபோது ஆசிரியர் வரிசையில் மூன்று பெயர் போட்டோம். பத்திரிகையிலிருந்து, மூன்றாவது ஆசிரியரின் கல்வித்தகுதி என்ன, பங்கு என்ன என்று கேட்டார்கள். உலையின் வெப்ப வேறுபாட்டைக் கண்டறிந்தவர் என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

மெய்ப்பு வந்தது. இந்தத் தடவை அதை அனுப்புவதற்கு முன் உலையின் பக்கம் எடுத்துப்போய் ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் பக்கத்தில் கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். மகிழ்ச்சியில் வாயடைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

"மேடம்."

"சொல்லுங்க."

"எங்கப்பா பேரு வரதன். இதுல டி. ஏகாம்பரம்னு போட்டுகீறீங்க."

நான் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டுரையை நானும் மித்ராவும் குறைந்தது இருபது தடவையாவது படித்திருப்போம். நின்றபடியே பேனாவை எடுத்து 'வி' என்று திருத்தினேன். அவர் எட்டிப் பார்த்து, சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, உலைக்கதவைத் திறக்கப் போனார்.